உடைஞ்ச உருப்படி யார் கணக்கில்?

(விருத்தாசலத்தில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, பெரியவர்களே, வேலை முடிச்சிட்டுத் தலைமுடியில் ஒட்டின மண்தூசியோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிகளே!

நேர்மையான வழியில் பெரும்பணம் சேர்க்க முடியுமா என்பது எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. நோட்டீசைப் பார்த்துட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "நமக்கு எதுக்குங்க இது? பணம் வச்சிருக்கிறவன் கவலைப்பட வேண்டிய விஷயமாச்சே." பணம் வச்சிருக்கிறவன் இதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட மாட்டான். கோயில் கல்வெட்டில் அவன் பேர் இருக்குது, பள்ளிக்கூட வாசலில் அவன் அப்பா பேர் இருக்குது. ஊரே அவனை நல்லவன்னு சொல்லியாச்சு. கேட்க வேண்டியது நாமதான். அவன் சேர்த்ததில் நம்ம பங்கு எவ்வளவு என்கிற கணக்கு நம்மகிட்டதான் கிடக்குது. எழுதி வைக்கலை, அவ்வளவுதான்.

முதலில் பெரும்பணம்னா எதுன்னு பேசிக்கலாம். மச்சு வீடு கட்டினவனை நான் சொல்லலை. ரெண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு வச்சிருக்கிறவனை, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மளிகைக்கடை போட்டவனை, வாத்தியார் வேலைக்குப் போய் மகளுக்கு அஞ்சு பவுன் போட்டவனைச் சொல்லலை. அவங்களை எல்லாம் பணக்காரன்னு சொல்லி நம்ம கோபத்தைச் சில்லறையா மாத்திக்கிறதில் யாருக்கு லாபம்னு யோசிச்சுப் பாருங்க. நான் சொல்றது ஆயிரம் கோடி, லட்சம் கோடி. இந்தியாவில் லட்சம் கோடிக்கு மேலே வச்சிருக்கிறவர்கள் இன்றைக்குப் பலர் இருக்காங்க.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாள் கூலி 500 ரூபாய்னு வையுங்க. வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைக்குதுன்னும் வையுங்க. (கிடைக்காது, இருந்தாலும் வையுங்க.) வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். இதில் ஒரு பைசா செலவு பண்ணாமல், சாப்பிடாமல், சீக்கு வராமல் அப்படியே சேர்த்து வச்சால் ஆயிரம் கோடி சேர எத்தனை வருஷம் ஆகும்? 66,666 வருஷம். கீழடியில் செங்கல் அடுக்கினவன் இருக்கானே, அவன் காலத்திலிருந்து இன்றைக்கு வரைக்கும் 2,600 வருஷம்னு சொல்றாங்க. அவன் அன்றைக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சு இன்னும் சாகாமல் உழைச்சுக்கிட்டு இருந்தால் அவன்கிட்ட 39 கோடி இருக்கும்.

ஆகவே 'உழைச்சு முன்னுக்கு வந்தவர்' என்கிற பேச்சை இந்த அளவுப் பணத்துக்குப் பயன்படுத்த முடியாது. அது உழைப்பால் வர்ற தொகை இல்லை. மூளை உழைப்புன்னு சொல்வாங்க. சரி, எம் மூளையைப் போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு மூளைன்னே வையுங்க. கூலியும் நூறு மடங்கு ஆகட்டும். அப்பவும் 666 வருஷம் ஆகுது. வேறு எதிலிருந்தோதான் அது வருது. எதிலிருந்துன்னு பார்க்கணும்.

நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். விருத்தாசலம்னா ஒரு பக்கம் பழமலைநாதர் கோயில், இன்னொரு பக்கம் ரயில்வே ஜங்ஷன், மூணாவது பீங்கான். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வந்த தொழில். அரசாங்கம் செராமிக் தொழிற்பேட்டை வச்சது, செராமிக் படிப்புக்குன்னு தனிப் பயிலகம் வச்சது. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், கப்பு, அகல் விளக்கு, கொலுப் பொம்மை எல்லாம் இங்கேயிருந்து போகுது. நம்ம பெண்கள் செய்கிற பிள்ளையாரும் மகாலட்சுமியும் எந்தெந்த வீட்டுக் கொலுப்படியிலோ ஏறி உட்காருது. செஞ்ச கை அந்த வீட்டு வாசப்படி ஏறுமான்னு கேட்டால் அது வேறு கூட்டத்துக்கான தலைப்பு.

என் அக்கா ஒரு யூனிட்டில் பத்து வருஷத்துக்கு மேலே வேலை செய்தது. எந்த யூனிட்டுன்னு சொல்லப் போறதில்லை, சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்லை. களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மூணையும் பால் மில்லில் போட்டு அரைப்பாங்க. கூழு மாதிரி வரும். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊத்தினால் அச்சு தண்ணியைக் குடிச்சிட்டு மண்ணைச் சுவத்தில் பிடிச்சு வைக்கும். மிச்சத்தைக் கவுத்துட்டு, காய்ஞ்சதும் அச்சைப் பிரிச்சு, ஓரத்துப் பிசிறைச் சுரண்டி, ஈரத்துணியால் தடவி எடுக்கணும். அந்தச் சுரண்டுற வேலை முழுக்கப் பெண்கள்தான். சுரண்டும்போது பறக்கிற தூசியில் இருக்கிறது சிலிக்கா. அது நெஞ்சுக்குள்ளே போனால் திரும்பி வராது. பிறகு கிளேஸ் கொடுத்து ஆயிரம் டிகிரிக்கு மேலே சூளையில் வேகவைக்கணும்.

கூலி உருப்படிக் கணக்கு. நூறு உருப்படிக்கு இவ்வளவு. ஆனால் எண்ணுறது எப்போன்னால், சூளை பிரிச்ச பிறகு. வெடிச்சது, கோணினது, கிளேஸ் ஒட்டிக்கிட்டது எதுவும் எண்ணிக்கையில் வராது. சூளையில் தீ ஒழுங்கா ஏறலைன்னால் அதுக்கும் என் அக்காவுக்கும் என்ன சம்பந்தம்? அது சூளைப் பக்கமே போனதில்லை. ஆனால் நஷ்டத்தில் அதுக்குப் பங்கு உண்டு. சட்டம் என்ன சொல்லுதுன்னு அப்புறம் தேடிப் பார்த்தேன். தொழிலாளியோட அலட்சியத்தால் சேதமானால்தான் கூலியில் பிடிக்கலாம், அதுவும் அவங்ககிட்ட விளக்கம் கேட்ட பிறகுதான்னு 1936-ஆம் வருஷத்துக் கூலி வழங்கல் சட்டத்திலேயே இருந்தது. அந்த முதலாளி சட்டத்தை மீறலை. அவர் கூலியில் எதையும் பிடிக்கவே இல்லையே! 'நல்ல உருப்படிக்குத்தான் கூலி'ன்னு முன்னாடியே பேசிட்டார். பிடிச்சால்தானே தப்பு, கொடுக்கவே இல்லைன்னால்?

அந்த முதலாளி கோடீஸ்வரன் இல்லை என்பதையும் சொல்லணும். அவர் தலையில் கடன். சரக்கு எடுக்கிற வியாபாரி மூணு மாசம் கழிச்சுக் காசு கொடுப்பான், வழியில் உடைஞ்சதைக் கழிச்சுக்குவான். குஜராத் மோர்பியிலிருந்தும் சீனாவிலிருந்தும் வர்ற சரக்கு விலையைக் காட்டி இன்னும் இறக்குவான். அந்த வியாபாரிக்கு மேலே ஒருத்தன். ஒவ்வொருத்தனும் உடைஞ்சதைக் கீழே தள்ளுறான், நல்லதை மேலே எடுத்துக்கிறான். கீழே தள்ளித் தள்ளி அதுக்குக் கீழே தள்ள ஆளில்லாத இடத்தில் யார் நிக்கிறா? என் அக்கா நிக்குது. மேலே எடுத்து எடுத்து அதுக்கு மேலே கொடுக்க வேண்டியதில்லாத இடத்தில் நிக்கிறவன்தான் பெரும்பணக்காரன். அவனை நாம பார்த்ததே கிடையாது. ரொம்ப நல்ல மனுஷனாக்கூட இருக்கலாம்.

இந்த 'நல்ல மனுஷன்' விஷயத்தைக் கொஞ்சம் விரிவாப் பேசணும். பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்குது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியை ஆரம்பிச்சு, அதோடு 20 லட்சம் ரூபாயும் கொடுத்து 1929-இல் பல்கலைக்கழகமாக ஆக்கினார். அந்தக் காலத்து 20 லட்சம். நம்ம சேரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படிச்சு வேலைக்குப் போயிருக்காங்க. இந்தக் கூட்டத்திலேயே இருக்காங்க. அந்தப் பல்கலைக்கழகம் வேண்டாம்னு நான் சொல்லப்போறதில்லை. அந்த மாதிரிப் பணம் எங்கேயிருந்து வந்ததுன்னு மட்டும் கேட்போம்.

அந்தக் குடும்பத்தின் வங்கித் தொழில் பர்மாவிலும் பரவியிருந்தது. அவங்க மட்டுமில்லை, நகரத்தார் சமூகத்துப் பெருந்தனக்காரர் பலருக்கும் அன்றைக்கு வருமானத்தின் பெரும்பகுதி பர்மாதான். ஐராவதி டெல்டாவில் காட்டை அழிச்சு நெல் போட்ட விவசாயிக்குக் கடன் கொடுத்தாங்க. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார் முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய்னு பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்குச் சொன்னது. அவங்களை வில்லனாகக் காட்டுறது சுலபம். நான் காட்ட மாட்டேன். உள்ளூர் லேவாதேவிக்காரனை விடக் குறைஞ்ச வட்டிதான் வாங்கினாங்க. கணக்குச் சுத்தமா எழுதினாங்க. பொய்க் கையெழுத்து, அடியாள் இதெல்லாம் பெரிசா இல்லை. நிலத்து மேல அவங்களுக்கு ஆசைகூட இல்லை, வட்டி வந்தால் போதும்.

1930-இல் உலகச் சந்தையில் நெல் விலை விழுந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியலை. நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த விவசாய நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் நூற்றுக்கு 25 பங்கு. ஏழே வருஷம். ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். ஒருத்தரும் திருடலை. ஒருத்தரும் சட்டத்தை மீறலை. பத்திரத்தில் எழுதினபடி நடந்தது.

எனக்குப் பிடிபட்டது இதுதான். விளைஞ்சால் வட்டி, விளையலைன்னால் நிலம். மழை பெஞ்சாலும் வரவு, பொய்ச்சாலும் வரவு. இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் பணம் மலையாகுது. அவன் குணத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. மகாத்மாவே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நிலம் அவர் பேருக்குத்தான் மாறும்.

அந்தக் கதையில் நம்ம ஆளுங்க எங்கே? இருக்காங்க. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கின தெலுங்குக் கூலி, தமிழ்க் கூலி. 1930 மே மாசம் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வேலைநிறுத்தம் செஞ்சப்போ பர்மியர்களை வேலைக்கு எடுத்தாங்க. நிறுத்தம் முடிஞ்சதும் அவங்களை வெளியே அனுப்பினாங்க. கலவரம் வந்தது. தெருவில் வெட்டுப்பட்டவங்க கூலிகள். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது கப்பலும் விமானமும் காசு உள்ளவனுக்கு. கூலிகள் அரக்கான் வழியாவும் அசாம் மலை வழியாவும் நடந்தாங்க. பல ஆயிரம் பேர் வழியிலேயே செத்தாங்க. செத்தவங்க பேரில் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. 1948-இல் பர்மா அரசாங்கம் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்து நிலத்தை எடுத்துக்கிச்சு என்பதையும் சொல்லிடணும். பர்மாவில் போட்ட முதல் பலருக்குத் திரும்பி வரலை.

அதே சிதம்பரத்தில் 1916-லேயே சுவாமி சகஜானந்தா நந்தனார் பேரில் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். பர்மாவில் நெல்வயல் இல்லாத சன்னியாசி. நம்ம தாத்தாமார் முதல்முதலா எழுத்துக் கூட்டின இடம் அது. படிப்புக் கொடுக்கணும்னால் முதலில் யாராவது கோடீஸ்வரன் ஆகணும் என்கிறது பொய்யின்னு சொல்ல நான் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கடைசியில் நிதி நெருக்கடியில் சிக்கி, 2013-இல் தமிழக அரசு சட்டம் போட்டு எடுத்துக்கிட்டது. இப்போ அதை நடத்துறது நாம கடையில் சோப்பு வாங்கும்போது கட்டுற வரி.

அடுத்தது தங்கம். கோலார் தங்கவயல். அங்கே குழிக்குள்ளே இறங்கினவங்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து போன நம்ம சனங்க. ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் ஆரம்பிச்சது. 2001 பிப்ரவரி 28-இல் மூடினாங்க. இடைப்பட்ட காலத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் வெளியே போயிருக்கு. சாம்பியன் ரீப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கு மேலே ஆழம். பாறை தன்னாலே வெடிக்கும். செத்தவனைத் தேடி எடுக்க நாள் கணக்காகும். வெளியே வரும்போது உடம்பு பூராவும் சோதனை போடுவான், ஒரு குன்றிமணித் தங்கம் ஒட்டிக்கிட்டு வந்துடக் கூடாதுன்னு. நெஞ்சுக்குள்ளே ஒட்டிக்கிட்டு வந்த சிலிக்காவை மட்டும் யாரும் சோதிக்கலை. 1940-களில் மருத்துவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைச் சோதிச்சப்போ நூற்றுக்கு 40 பேருக்கு மேலே சிலிகோசிஸ்! மைசூர் அரசாங்கம் 1940-இல் அதுக்குன்னு தனியா விதிகள் போட வேண்டி வந்தது. லண்டனில் பங்கு வச்சிருந்தவனுக்கு டிவிடெண்டு போகும் காலம் அது. அவன் தங்கவயலைப் பார்த்திருக்க மாட்டான். அவன் யாரையும் கொல்லலை. சர்ச்சுக்குப் போயிருப்பான், ஏழைக்குத் தர்மம் கொடுத்திருப்பான்.

கம்பெனி போயிடுச்சு. சயனைடு கலந்த மண்மேடு இன்னும் அங்கேயே இருக்குது, காத்தடிச்சால் வீட்டுக்குள்ளே வருது. உடைஞ்ச உருப்படி யார் கணக்கில்னு மறுபடியும் கேளுங்க. அதே தங்கவயலில் சாம்பியன் ரீப்சில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான் பண்டிதர் அயோத்திதாசரின் நூல்களை அச்சுப் போட்டுக் காப்பாத்தினது. லண்டன் பங்குதாரன் பணத்தில் அவங்க தோட்டம் வந்தது. சுரங்கத் தொழிலாளி கூடி வாழ்ந்த ஊரில் நம்ம வரலாறு அச்சேறியது.

பணம் மலையானால் அது இன்னொரு வேலையும் செய்யும். நற்சான்று கொடுக்கும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. நான் விவரிக்க வேண்டியதில்லை. கூடுதலா அரைப்படி நெல் கேட்டதற்கு 44 உயிர். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செஞ்சது. தீர்ப்பில் ஒரு காரணம் எழுதியிருக்கு. இவங்க எல்லாம் பெரிய நிலச்சுவான்தார்கள், முதல் குற்றவாளி கார் வச்சிருக்கிறவர், இப்படிப்பட்டவங்க வேலைக்காரங்க துணைகூட இல்லாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வச்சிருப்பாங்கன்னு நம்பக் கஷ்டமா இருக்குது என்கிற பொருளில். கார் ஒரு சாட்சி! அன்றைக்கு நம்ம பக்கம் சாட்சி சொன்னவர்கள் யார்கிட்டேயும் சைக்கிள்கூட இருந்திருக்காது. அரைப்படி நெல்லைப் பிடிச்சு வச்சுச் சேர்த்த காரே, அரைப்படி நெல்லுக்காக எரிச்சவன் நல்லவன்னு சொல்ல வந்து நிக்குது. நேர்மையாய்ச் சேர்த்ததா என்கிற கேள்வியைக் கேட்கும் முன்னாலேயே பணம் அதுக்குப் பதிலையும் விலைக்கு வாங்கிடும்.

எதிர்க்கட்சி வாதத்தையும் நியாயமா எடுத்து வைக்கணும். ராபர்ட் நோசிக் என்று ஒரு அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். 1974-இல் வந்த புத்தகத்தில் ஒரு உதாரணம் சொல்கிறார். ஒரு கூடைப்பந்து வீரன். அவன் ஆட்டத்தைப் பார்க்க ஒவ்வொருத்தரும் 25 சென்ட் அவனுக்குன்னு தனியாப் பெட்டியில் போடுறாங்க. யாரும் வற்புறுத்தலை. பத்து லட்சம் பேர் போட்டால் அவன் பணக்காரன். இதில் என்ன அநியாயம்னு கேட்கிறார். நம்ம ஊர்க் கணக்கில் சினிமா நட்சத்திரத்தை வச்சுக்குங்க. நம்ம பையன்களே பாலாபிஷேகம் பண்ணித்தான் டிக்கெட் வாங்குறாங்க.

இது நல்ல வாதம்தான். தள்ளிவிட முடியாது. ஆனால் நோசிக்கே ஒரு நிபந்தனை வச்சிருக்கார், அவரைத் தூக்கிப் பிடிக்கிறவங்க அதைச் சொல்ல மாட்டாங்க. முதலில் ஒவ்வொருத்தர் கையிலும் இருந்த சொத்து நியாயமா வந்ததா இருக்கணும். இல்லைன்னால் அதைச் சரிசெய்யணும், பழைய அநியாயத்துக்கு ஈடு கட்டணும் என்கிறார். அது போதும் நமக்கு! அந்தக் கணக்கை இந்த நாட்டில் எடுத்தால் எங்கே போய் நிக்கும்? 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார், 1892-இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் கொடுத்தாங்க. 12 லட்சம் ஏக்கர்னு சொல்றோம். பத்து வருஷத்துக்கு விக்கக் கூடாது, அதுக்கப்புறமும் நம்ம சனங்களுக்குள்ளேதான் விக்கலாம். இன்றைக்கு அந்த நிலத்தில் பெரும்பகுதி யார் கையில்? மீட்கக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தாங்க. நிலம் வாங்கும் உரிமை, கிணத்து உரிமை, கடைவைக்கும் உரிமை, படிப்பு எல்லாம் ஒரு கூட்டத்துக்கு மறுக்கப்பட்டு, அதனால் மலிவாக் கிடைச்ச உழைப்பில்தான் இங்கே முதல் சேர்ந்தது. நோசிக்கோட கூடைப்பந்து மைதானமே புறம்போக்கை வளைச்சுப் போட்டதாக இருந்தால் டிக்கெட் நியாயத்தைப் பேசி என்ன?

அப்போ சேர்த்தவன் தர்மகர்த்தாவா இருந்து ஏழைகளுக்காக வச்சுக் காப்பாத்தட்டும் என்றார் காந்தி. அண்ணல் 1945-இல் எழுதிய 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' நூலில் இந்தத் தர்மகர்த்தாத் தத்துவத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கலை, கேலியாகத்தான் ஒதுக்கினார். தர்மகர்த்தான்னால் என்னன்னு நமக்குத் தெரியாதா? கோயில் தர்மகர்த்தாவை எத்தனை தலைமுறையாப் பார்க்கிறோம்! அதுக்குப் பதிலா அண்ணல் 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் என்ன வச்சார்? முக்கியத் தொழில்கள் அரசுடையது, விவசாயம் அரசுத் தொழில், நிலச்சுவான்தாரும் இல்லை, குத்தகைக்காரனும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. பணக்காரன் மனசு மாறணும்னு அவர் காத்திருக்கலை. நாற்காலியையே எடுத்துடச் சொன்னார்.

பௌத்தம் செல்வத்தைப் பழிக்கலை என்பதையும் சொல்லணும். அனாதபிண்டிகன் பெருவணிகன், பகவனுக்கு விகாரை கட்டிக் கொடுத்தவன். அவனுக்குச் சொன்னதில், தன் தோள்வலிமையால், தன் நெற்றி வேர்வையால் அறவழியில் வந்த பொருளைக் கொண்டு குடும்பத்தையும் வேலைக்காரரையும் மகிழ்ச்சியாய் வை என்று இருக்கிறது. தன் வேர்வை. அடுத்தவன் வேர்வை இல்லை. ஆயுதம், உயிர், இறைச்சி, போதை, நஞ்சு இந்த அஞ்சையும் விக்காதேன்னும் இருக்கு. இறைச்சி விஷயத்தில் நமக்கு ஒரு சண்டை இருக்குது, மாட்டுக்கறிக் கடை வச்சிருக்கிற தோழர் பின்னாலே நின்னு சிரிக்கிறார், அதை இன்னொரு நாள் வச்சுக்கலாம். 'உயிர்' என்கிறதில் ஆள் வியாபாரமும் வருது. ஒப்பந்தக்காரன் தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்கி ஆள் அனுப்புறானே, அதுக்கு என்ன பேர்? 1982-இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சட்டம் 23-ஆம் பிரிவு தடை செஞ்ச கட்டாய உழைப்பு. வறுமையும் ஒரு வற்புறுத்தல்தான் என்று ஒத்துக்கிச்சு.

ஒரு தம்பி போன வாரம் கேட்டான். டிப்ளமோ முடிச்சவன், சொந்தமா யூனிட் போட பேங்குக்கு நடந்துக்கிட்டு இருக்கான். "ஏண்ணே, அவனுங்க ரெண்டாயிரம் வருஷமாச் சேர்த்தானுங்க. இப்போ நம்ம ஆளு ஒருத்தன் கோடீஸ்வரன் ஆகலாம்னு வரும்போது நீங்க நேர்மை, அறம்னு பாடம் எடுக்குறீங்களே, இது யாருக்கு வசதி?" சுருக்குன்னு இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி. 2005-இல் புனேவில் தலித் தொழில் வர்த்தகச் சபையே தொடங்கியிருக்காங்க. யூனிட் போடு தம்பி. பேங்குக்காரன் ஜாமீன் கேட்டு அலையவிட்டால் நாம எல்லாரும் வந்து பேங்க் முன்னாடி உட்காருவோம். நம்ம சனம் முதலாளி நாற்காலியைத் தொட்டால் தீட்டுன்னு சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது.

ஆனால் உன் யூனிட்டில் பிசிறு சுரண்டப் போறது யாரு? என் அக்கா மாதிரி ஒரு அக்கா. சூளையில் வெடிச்சது உன் கணக்கா, அது கணக்கா? உன் கணக்குன்னு எழுதினால் நீ நல்லா வாழலாம், மச்சு வீடு கட்டலாம், கார்கூட வாங்கலாம். ஆயிரம் கோடி வராது. ஆயிரம் கோடி வேணும்னால் வெடிச்சதை அந்த அக்கா தலையில் எழுதணும், அதுவும் ஒரு அக்கா போதாது, லட்சம் அக்கா வேணும். கருப்புச் சட்டை போட்டு எழுதினாலும் நீலத் துண்டு போட்டு எழுதினாலும் அது அதே எழுத்துதான்.

சேர்ந்த பிறகு என்ன செய்யறதுன்னும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் 1953-இல் வாரிசுச் சொத்துக்கு வரி போட்டாங்க. பெரிய சொத்தின் மேல்தட்டுக்கு நூற்றுக்கு 85 வரைக்கும் இருந்தது. 1985-இல் எடுத்துட்டாங்க. 1957-இல் செல்வ வரி வந்தது, 2015 பட்ஜெட்டில் அதையும் எடுத்துட்டாங்க. வசூலாகிறது கொஞ்சம், செலவு அதிகம்னு காரணம் சொன்னாங்க. ஒழுங்கா வசூலிக்காமல் விட்டுட்டு வசூல் ஆகலைன்னு சொல்றதுக்கு நல்ல தைரியம் வேணும். அப்பன் சேர்த்தது நேர்மையா இல்லையான்னாவது விவாதிக்கலாம். மகன் பிறந்ததைத் தவிர என்ன செஞ்சான்? நம்ம பிள்ளைக்கும் பிறப்பாலேதான் வாரிசுச் சொத்து வருது: தோட்டிக்குப் பிள்ளை தோட்டின்னு. அதை ஒழிக்கணும்னு ஒத்துக்கிறவங்க, கோடீஸ்வரன் பிள்ளை கோடீஸ்வரன் என்கிறதை மட்டும் இயற்கைன்னு நினைக்கிறாங்க. ரெண்டும் ஒரே சட்டம். பிறப்புச் சட்டம்.

நேரமாச்சு. கடைசி பஸ்ஸுக்குப் போறவங்க எழுந்திருக்கிறாங்க. ரெண்டு வேலை இருக்கு. தாலுகா ஆபீசில் உங்க கிராமத்து 'அ' பதிவேட்டுக்கு நகல் கேட்டு எழுதிக் கொடுங்க. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், பத்து ரூபாய் ஸ்டாம்பு. அதில் பஞ்சமின்னோ, டி.சி. நிலம்னோ போட்டிருக்கிற சர்வே எண்ணை எல்லாம் தனியாக் குறிச்சுக்கிட்டு வாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் கொடுக்க இந்த மேடைப் பக்கமே நாலு தோழர்கள் உட்கார்ந்திருக்காங்க.

இன்னொண்ணு, யூனிட்டில் வேலை செய்யிற அக்காமாருக்கு. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. தேதி, போட்ட உருப்படி, சூளைக்குப் போனது, சூளையில் பிரிச்சது, கூலி கிடைச்சது எல்லாத்துக்கும் ஒரு கோடு போட்டுக்குங்க. உடைஞ்சதுக்குத் தனியா ஒரு கோடு. ஆடி மாசம் கொலு ஆர்டர் ஆரம்பிக்கிறதுக்குள்ளே அந்த நோட்டுகளை எல்லாம் ஒண்ணா வச்சுப் பார்ப்போம்.